கைப்பச்சையும் கடன்பச்சையும்

மதுரை, நெல்லை, தூத்துக்குடி முதலாய நகர்களின் கடைத்தெருக்களில் 'டாட்டூ' என்னும் பெயர்ப்பலகைகள் இக்கால் மலிந்து வருகின்றன. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கழுகுமலை என விரியும் கரிசற் சீமையின் இளைஞருள்ளும் பலர் அக்கடைகளுக்குச் சென்று, கேட்ட பணத்தை எண்ணிக் கொடுத்து, தோளிலும் முன்கையிலும் கழுத்திலும் கரிய வரிகளைப் பொறித்துக்கொண்டு திரும்புகின்றனர். சுறாப்பல் வரிசை, ஈட்டிமுனை, ஆமை, கடலலை என அவ்வரிகளுட் பல அமைதிப் பெருங்கடலின் தீவு மக்களுக்கு உரியவை. வானம் பார்த்த நிலத்து மகனின் தோளில் சுறாப்பல் ஏறி அமர்ந்திருக்கின்றது.

அதே வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டியின் முன்கையிலும் ஊசியாற் குத்திய கோலம் ஒன்று உண்டு. பருத்தி எடுத்தும் களை பறித்தும் தீப்பெட்டி அடைத்தும் தேய்ந்த கை அது. ஆயினும் கோலம் தேயவில்லை. அதற்குப் 'பச்சை' என்று பெயர். அதனைப் பட்டிக்காட்டு வழக்கமென்று பேரன் எள்ளுகின்றான். தன் தோளில் உள்ளதையோ நாகரிகம் என்கின்றான். இரண்டும் ஒரே வினை. இரண்டும் ஊசி கொண்டு தோலுக்கடியில் மையேற்றுவதே. பாட்டியின் கையில் இழிவாய் இருந்த ஒன்று பேரனின் தோளில் பெருமையானது எவ்வாறு? சொல் மாறியது, அதனால் மதிப்பும் மாறியது. தன் சொல்லைத் தாழ்வென்றும் அயற்சொல்லை உயர்வென்றும் கருதும் அடிமை மனம், ஈண்டுத் தோலின்மேலேயே தன் கணக்கை எழுதிவிட்டது.

அச்சொல்லின் வரலாற்றை அறிந்தோர் நகையாமல் இரார். 'டாட்டூ' என்று சொல்வார் தாம் ஆங்கிலம் பேசுவதாகக் கருதுகின்றனர். அஃது ஆங்கிலருக்கும் உரியதன்று. 1769ஆம் ஆண்டில் வெள்ளிக்கோள் கதிரவனைக் கடப்பதைக் காண்பதற்காகத் தாகித்தித் தீவுக்குச் சென்ற ஆங்கிலக் கப்பல் தலைவர் சேம்சு குக்கும் அவர்தம் கூட்டத்தாரும், அத்தீவினர் உடலெங்கும் வரி பொறித்திருத்தலைக் கண்டு வியந்தனர். அதற்குத் தீவினர் வழங்கிய 'தத்தவு' என்னும் சொல்லைத் தம் நாவுக்கேற்பத் திரித்துக் குறித்துக்கொண்டனர். அத்திரிபே ஆங்கிலத்தில் நிலைத்து, உலகெங்கும் பரவி, இன்று தமிழ்நாட்டுப் பெயர்ப்பலகையில் ஏறியுள்ளது. தீவினரின் சொல்லை ஆங்கிலர் திரித்தனர். அத்திரிபைத் தமிழர் தொழுகின்றனர். தம்மிடம் சொல் இல்லாமையால் ஆங்கிலர் கடன் கொண்டனர். தமிழரோ கையிருப்பைக் குப்பையில் எறிந்துவிட்டுக் கடனுக்கு அலைகின்றனர்.

அத்தீவு மக்கள் தம் வரிகளை எவ்வாறு காத்தனர் என்பது தமிழர் ஊன்றிக் கற்க வேண்டிய பாடமாகும். சாமோவாத் தீவுகளில் ஆடவர் இடை முதல் முழங்கால் வரையும், பெண்டிர் தொடை முதல் முழங்கால் வரையும் வரி பொறித்துக்கொள்வர். எலும்பாலோ பன்றிக் கொம்பாலோ செய்த சீப்புப்போன்ற கருவியை மையில் தோய்த்துத் தோலில் வைத்து, சிறு கோலால் தட்டித் தட்டிப் பொறிப்பர். அத்தொழில் சில குடும்பங்களுக்கே உரியது. அக்குடும்பத்து ஆசானுக்கு ஊரில் பெருமதிப்பு உண்டு. வலி தாங்காது இடையில் விட்டவன் அக்குறையை வாழ்நாளெல்லாம் சுமப்பான். நியூசிலாந்தின் மாவோரி மக்களோ தம் முகத்திலேயே குடிவழியைப் பொறித்தனர். அதனைத் 'தா மோக்கோ' என்பர்.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சமயப் பரப்புநர் அத்தீவுகளில் காலூன்றியதும், வரி பொறித்தல் காட்டுவிலங்காண்டித்தனம் என்று பழிக்கப்பட்டது. தாகித்தியில் அது தடைசெய்யப்பட்டு வழக்கொழிந்தது. நியூசிலாந்தில் மாவோரி அறிவோரின் தொழிலை ஒடுக்க 1907ஆம் ஆண்டில் தனிச்சட்டமே பிறந்தது. சாமோவர் மட்டும் சமயம் மாறியும் வரியை விட்டிலர். ஏனையோர் இழந்ததை மீட்கப் பல்லாண்டுகள் உழைத்தனர்.

மீட்டது எங்ஙனம்? ஈண்டுத்தான் தமிழர் செவி சாய்க்க வேண்டும். மாவோரியர் முதலில் தம் மொழியை மீட்கக் கிளர்ந்தனர். 1982இல் 'மொழிக்கூடு' என்னும் பெயரில் குழந்தைப் பள்ளிகளைத் தொடங்கி, மூதாட்டியர் வாயிலிருந்து மழலையர் வாய்க்கு மொழியை ஏற்றினர். 1987இல் தம் மொழி நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்றெனச் சட்டம் இயற்றச் செய்தனர். அக்காலத்தை ஒட்டியே முகவரியும் மீண்டும் தளிர்க்கலாயிற்று. 2020இல் நியூசிலாந்தின் வெளியுறவு அமைச்சராய்ப் பொறுப்பேற்ற நனையா மகுத்தா என்னும் மாவோரிப் பெண்மணி, தம் மோவாயில் முன்னோர் வரி துலங்க உலக நாடுகளின் அவைகளில் அமர்ந்தார்.

மொழியே அவர்களுக்கு வேலியாகவும் நின்றது. குடிவழி உடையவர் பொறிக்கும் வரிக்கே 'தா மோக்கோ' என்று பெயர். அயலார் அழகுக்காகப் பொறித்துக்கொள்வதற்குக் 'கிரிட்டுகி' என்று வேறு பெயர் வைத்தனர். அதற்குத் 'தோலெழுத்து' என்பது பொருள். அயலாரை அவர்கள் விரட்டவில்லை. ஆயின் தம் பெயரை அவர்க்குத் தரவுமில்லை. 2013இல் நைக்கி என்னும் அமெரிக்க நிறுவனம், சாமோவ ஆடவர்க்குரிய வரியைப் பெண்டிர் உடையில் அச்சிட்டு விற்க முற்பட்டபோது, தீவினர் கிளர்ந்தெழுந்து கேட்டனர். நிறுவனம் பொருளைத் திரும்பப் பெற்றது. சாமோவா மிகச் சிறிய நாடு. ஆயினும் தன் உடைமை இஃது என்று சொல்ல அதற்கொரு சொல்லும், சொல்வதற்கு ஒரு வாயும் இருந்தன.

இனித் தமிழரின் உடைமையை நோக்குக. பச்சை குத்துதல் என்னும் சொல்லே அறிவு நிறைந்த சொல். மஞ்சளும் அகத்தியிலையும் அரைத்துத் துணியிற் பொதிந்து திரியாக்கி, விளக்கிலிட்டு எரித்து, மேலே கவிழ்த்த மட்கலத்தில் படியும் கரியைச் சுரண்டி எடுத்து, நீரிலோ தாய்ப்பாலிலோ குழைப்பர். அக்கரிமையைச் சேர்த்துக் கட்டிய ஊசிகளால் தோலுள் ஏற்றுவர். குத்தி முடித்தபின் கழுவி மஞ்சள் பூசுவர். ஏற்றும்போது கருமையாய் உள்ள மை, புண் ஆறியபின் தோலின் ஊடே பசுமை பாய்ந்து தோன்றும். ஆகலின் கரியைக் குத்தினும் அதனைப் 'பச்சை' என்றனர். கண்டதைக் கண்டவாறு பெயரிட்ட சொல் அது. செய்வினையும் விளைவும் அவ்விரு சொல்லில் அடங்கியுள்ளன. தீவினரின் சொல்லுக்கு இஃது எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

குத்தும் உருக்களோ தமிழ்ப் பெண்டிர் வாயிலில் இடும் புள்ளிக்கோலங்களும், தேளும் மீனும் பறவையும் பூவும் ஆகும். புள்ளிக்கோலத்தின் நெளிவுகளில் கணக்கியல் உறைதலைத் தாம்பரம் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிப்டு சிரோமணியும் அவர்தம் துணைவரும் 1970களிலேயே ஆய்ந்து, கணிப்பொறி இயலுக்குரிய இலக்கணமாக வகுத்துக் காட்டினர். உலக அறிஞர் ஏட்டில் இடம்பெற்ற அக்கோலம் கரிசற் பெண்ணின் முன்கையில் ஏட்டுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. சாகும்போது பொன்னும் மணியும் கழற்றப்படும், பச்சை ஒன்றே உடன் வரும் என்பது ஊர்ப்புறப் பெண்டிரின் நம்பிக்கை. கூலிக்கு உழைத்துக் காதிலும் கழுத்திலும் ஒன்றுமின்றி வாழ்ந்த பெண்ணுக்கு, எவரும் அடகு வைக்கவோ பறிக்கவோ இயலாத அணி அது.

அதனை எழுதிய கை யாருடையது? பச்சை குத்துதல் பெரும்பாலும் குறவர் குலப் பெண்டிரின் கைத்தொழில். குறவரையும் நரிக்குறவரையும் ஒருவரெனக் கருதுவார் உளர். நரிக்குறவரின் மொழி வடநாட்டு மொழியினத்தது. குறவரின் பேச்சோ தமிழோடு நெருங்கிய உறவினது. அவர்கள் கூடை முடைந்தனர், குறி சொன்னார்கள், ஊசியும் மைச்சிமிழும் ஏந்தி ஊர் ஊராய்ச் சென்று பச்சை குத்தினார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராய் இருந்த எட்கர் தர்சுட்டன் 1909இல் வெளியிட்ட ஏழு மடலங்களில் அவர்தம் வாழ்வைக் குறித்துச் சென்றுள்ளார். தமிழகத்தில் அதனை ஒரு கலையென மதித்துத் தொகுத்தோர் மிகச் சிலரே.

குறவருள் ஒரு பிரிவினர் பொதிமாடுகளில் உப்பும் தவசமும் ஏற்றிக் கடற்கரைக்கும் உள்நாட்டிற்குமாய் வணிகம் செய்தவர். மதுரையிலிருந்து கோவில்பட்டி வழியே தூத்துக்குடிக்கு 1876இல் ஓடத் தொடங்கியது போன்ற இருப்புப்பாதைகள் நாடெங்கும் பரவியபின் பொதிமாட்டு வணிகம் நலிந்தது. பிழைப்பிழந்து அலைந்தோரை அயலாட்சி குற்றவாளிகள் என்றது. 1871இல் வடபுலத்தில் இயற்றிய குற்றப் பரம்பரையினர் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிக்கப்பட்டது. குறவர் அதனுள் சிக்கினர். பெயரைப் பதிந்து, நடமாட்டத்தைக் கட்டிப்போட்டனர். 1947இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கும் வரை, பிறப்பே குற்றம் என்னும் பழியை ஒரு மக்களினம் சுமந்தது. ஊர் ஊராய்ச் செல்வதே தொழிலாக உடைய ஒருத்திக்கு ஊர் விட்டு ஊர் செல்லுதல் குற்றமெனில், அவள் ஏந்திய கலை எவ்வாறு வாழும்?

அயலாட்சிக்குப் பச்சையின் ஆற்றல் தெரியாமலில்லை. வங்கத்தில் 1797இல் ஏற்பட்ட சட்டத்தின்படி, வாழ்நாள் தண்டனை பெற்றோரின் நெற்றியில் அவர்தம் குற்றத்தையும் பெயரையும் பச்சையாகக் குத்தினர். 1849இல்தான் அக்கொடுமை நிறுத்தப்பட்டது. தமிழ்ப்பெண் தன் கையில் அணியாகக் கொண்டதை அயலான் நெற்றியில் தண்டனையாக்கினான். பின்னர் ஊசி பிடித்த குலத்தின்மேலேயே குற்றப்பெயரைக் குத்தினான். அப்பழி படிந்த கையிடம் தம் பெண்மக்களின் கையை நீட்டப் படித்த குடும்பங்கள் கூசின. பச்சை இழிவாய்ப் போனதன் முதற் கரணியம் இதுவே.

பள்ளிப்படிப்பும் நகர்வாழ்வும் வளர வளர, பச்சை கல்லாமையின் அடையாளமாயிற்று. 1970களில் கட்சித் தொண்டர் தலைவரின் உருவையும் கட்சிப் பொறியையும் கையில் பச்சை குத்திக்கொண்ட காலத்தும் அச்சொல் மக்கள் வாயில் உயிரோடிருந்தது. அதற்குப் பின்னரே ஊசிக்குப் பகரம் மின்பொறி வந்தது. அதனோடு சேர்ந்து சொல்லும் மாறியது. அம்மின்பொறியும் 1891இல் நியூயார்க்கில் உரிமம் பெற்ற கருவியின் வழிவந்ததே. கருவி மாறுதல் இயல்பு. ஏர் போய் இழுவைப்பொறி வந்தும் உழவு உழவாகவே உள்ளது. ஊசி போய் மின்பொறி வந்தால் பச்சை மட்டும் ஏன் 'டாட்டூ' ஆக வேண்டும்?

ஈண்டு இரண்டு மறுப்புகள் எழும். முதலாவது, பச்சை குத்துதல் பழைய மூடவழக்கம், சிறுமியரைக் கேளாமல் துன்புறுத்திக் குத்தினர், அஃது ஒழிந்தது நன்று என்பது. இதில் உண்மை உண்டு. விவரமறியாச் சிறுமியின் கையைப் பிடித்து அழ அழக் குத்தியதை மீட்க வேண்டுவதில்லை. பலர்க்கு ஒரே ஊசியைப் பயன்படுத்துதல் மஞ்சள்காமாலை முதலிய குருதிவழி நோய்களைப் பரப்பும். பச்சை குத்திக்கொண்டவர் ஓராண்டுக்குக் குருதிக்கொடை அளித்தலாகாது என்பது இந்நாட்டு மருத்துவ நெறி. படையிற் சேர விரும்பும் கரிசல் இளைஞர், உள்முன்கை போன்ற சில இடங்களன்றிப் பிறவிடத்து வரி பொறித்துக்கொண்டால் தேர்விலேயே தள்ளப்படுவர் என்பதையும் அறிதல் வேண்டும். ஆகவே எல்லாரும் பச்சை குத்திக்கொள்க என்று எவரும் தூண்டுதல் தகாது. குத்துவதும் குத்தாமையும் அகவை வந்தோரின் விருப்பம். ஆயின் பெயரையும் கோலத்தையும் காப்பது விருப்பமன்று. அஃது இனத்தின் கடமை.

இரண்டாவது, அதற்கு நேர்மாறான வீண்பெருமை. கழக இலக்கியம் கூறும் தொய்யிலே பச்சை என்பாரும், தமிழரே தீவினர்க்கு அக்கலையைக் கற்பித்தனர் என்பாரும் உளர். தொய்யில் என்பது மகளிர் தோளிலும் மார்பிலும் குழம்பால் எழுதி அழியும் ஓவியம், ஊசியாற் குத்தியதன்று. நியூசிலாந்தில் கொலென்சோ என்னும் சமயப் பரப்புநர் 1836ஐ ஒட்டிக் கண்டெடுத்த மணியில் தமிழெழுத்து உள்ளது உண்மையே. மாவோரிப் பெண்டிர் கிழங்கு அவிக்கும் கலமாக ஆண்ட அம்மணி, ஒரு முகம்மதியத் தமிழ் வணிகரின் கப்பலுக்குரியது. இன்று வெல்லிங்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அம்மணி அங்கு எவ்வழிச் சேர்ந்தது என்பதே இன்னும் தெளியாதபோது, அதனைக் கொண்டு தீவினரின் கலைக்குத் தமிழர் உரிமை கொண்டாடுதல் அறமன்று. தீவினரின் கலை தீவினர்க்குரியது. தமிழர் கலை தமிழர்க்குரியது. பிறர் உடைமையைத் தமதென்பார் தம் உடைமையைக் காக்கும் தகுதியையும் இழப்பர்.

இவ்விரண்டினும் கொடியது பிறிதொன்றுண்டு. தென்மாவட்டங்களில் சாதிப் பெயரையும் சாதித் தலைவர் உருவையும் சாதிக்குரிய வண்ணத்தையும் தோளிலும் மார்பிலும் பொறித்துக்கொள்ளும் இளைஞர் பெருகி வருகின்றனர். பள்ளிப் பிள்ளைகள் கையில் சாதிக்கொரு வண்ணக் கயிறு கட்டும் இழிவு இம்மாவட்டங்கள் அறிந்ததே. 2023இல் நாங்குநேரியில் பள்ளிச்சிறுவன் ஒருவனும் அவன் தங்கையும் உடன்பயின்றோராலேயே வெட்டுண்ட பின், தமிழக அரசு அமைத்த ஓய்வுபெற்ற நடுவர் சந்துரு குழு, 2024இல் அளித்த அறிக்கையில் அத்தகு கயிறுகளையும் பிற சாதியடையாளங்களையும் பள்ளிகளில் தடுக்குமாறு பரிந்துரைத்தது. கயிற்றை ஆசிரியர் அறுத்துவிடலாம். தோலிற் குத்திய சாதியை யார் அறுப்பது?

பாட்டியின் கையை மீண்டும் நோக்குக. அக்கோலத்தில் சாதி இல்லை. குறத்தி ஒருத்தியே பல குலத்துப் பெண்டிர்க்கும் அதே புள்ளிகளை, அதே தேளை, அதே மீனைக் குத்திச் சென்றாள். தீட்டென்று ஒதுக்கப்பட்ட கை, ஒதுக்கியவர் கையைப் பற்றி எழுதியது. தீண்டாமை கோலோச்சிய காலத்தும் தொட்டே செய்ய வேண்டிய கலை அது. அக்கை எழுதியது தமிழரெல்லார்க்கும் பொதுவான கோலம். பேரனோ தன் தோளில் சாதியைப் பொறித்துக்கொண்டு அதனை முன்னேற்றம் என்கின்றான். பாட்டியின் பச்சை பட்டிக்காடாம்; பேரனின் சாதிவரி நாகரிகமாம்! இதனினும் கீழான அறியாமை உண்டோ?

இனிச் செய்ய வேண்டுவன யாவை? முதற்கண், சொல்லை மீட்க. பெயர்ப்பலகையில் 'பச்சை குத்துமிடம்' என்று எழுதுதற்கு எந்தச் சட்டமும் தடையன்று. கடை வைத்திருப்போருள் பலர் தமிழ் இளைஞரே. அவர்களை அணுகி அன்போடு எடுத்துரைப்பின் கேளாமல் இரார்.

அடுத்து, கோலங்களைத் தொகுக்க. கோவில்பட்டிக்கு அணித்தான இடைசெவலில் பிறந்த கி. இராசநாராயணன், கல்லூரிப் பட்டமின்றியே கரிசல் மக்களின் சொற்களைத் தேடித் தொகுத்து 1982இல் அகராதியாக்கினார். சொல்லைத் தொகுக்க ஒருவர் எழுந்த மண்ணில் கோலத்தைத் தொகுக்க ஒருவர் எழலாகாதா? பச்சை குத்திய மூதாட்டியர் எண்பதும் தொண்ணூறும் கடந்து ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். ஒரு மூதாட்டி எரியூட்டப்படும் நாளில் ஒரு கோலமும் எரிகின்றது. ஒவ்வொரு கல்லூரித் தமிழ் மாணவரும் தம் ஊர் மூதாட்டியரின் இசைவு பெற்று, கைக்கோலத்தைப் படமெடுத்து, அதன் பெயர், குத்திய அகவை, குத்தியவள் வந்த ஊர் ஆகியவற்றைக் குறித்துவைத்தால் போதும். பணமும் வேண்டா; அரசாணையும் வேண்டா. கையிலுள்ள கைப்பேசியே அதற்குக் கருவி.

மூன்றாவதாக, அக்கலையை ஏந்திவந்த குறவர் குலப் பெண்டிர்க்கு உரிய மதிப்பை அளிக்க. சாமோவாவில் அத்தொழிற் குடும்பம் ஆசான் குடும்பம். தமிழகத்தில் அது குற்றப்பரம்பரை. இவ்வேறுபாட்டில் தமிழரின் தோல்வி முழுதும் அடங்கியுள்ளது. கலையைப் போற்றிக் கலைஞரை ஒதுக்குவது போலிப் பற்று. ஊசி பிடிக்கத் தெரிந்த மூதாட்டி எங்கேனும் எஞ்சியிருப்பின், அவளை மேடையேற்றிக் கைதட்டி அனுப்புதல் போதாது. தூய ஊசியும் மருத்துவ அறிவும் உடைய இளையோர் அவள்பாற் கோலங்களைக் கற்றுக்கொண்டு, கற்பித்தவட்கு உரிய ஊதியமும் தருதல் வேண்டும்.

மொழியை இழந்த இனம் முதலில் தன் சொல்லை மறக்கும். பின் அச்சொல் குறித்த பொருளை மறக்கும். இறுதியில் அதனைச் செய்த மாந்தரையும் மறக்கும். கடல்நடுவே சிதறிக் கிடந்த சிறு தீவினர் இம்மூன்றையும் ஒருங்கே மீட்டனர். கரிசல் மண்ணின் மக்களுக்கு மீட்க வேண்டியது அத்துணைத் தொலைவிலும் இல்லை, திண்ணையில் அமர்ந்திருக்கின்றது. அக்கை மறையுமுன் அதனைப் படிக்கத் தமிழிளைஞர் முந்துக!